சக்கரம் நுழையாத எரிமலைக் கிராமங்கள்... ரீயூனியன் தீவில் 7 நாள் நடைப்பயணம்!

வேனின் இன்ஜின் அணைகிறது. இறங்கியவர்கள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். கைடு ஒவ்வொருவரின் முதுகுப்பையையும் ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார். கனமாக இருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்கிறார். ஹேர் டிரையர், இரண்டாவது ஜீன்ஸ், கேமரா ஸ்டாண்டு என ஒவ்வொன்றாக வேனுக்குத் திரும்புகின்றன. வேன் கிளம்பிப் போனதும் ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாக நிற்கிறார்கள். இனி மூன்றாவது நாள் பிற்பகல் வரை சக்கரம் வைத்த எதையும் அவர்கள் பார்க்கப்போவதில்லை.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் மலைப் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. கடற்கரை, ரிசார்ட், செல்ஃபி என்று போய்வரும் தீவுச் சுற்றுலாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வாரம், கைடுடன், பெரும்பாலும் நடந்தே கடக்க வேண்டிய பயணம் இது. வழியில் ஓர் அவிந்த எரிமலை, ஓர் எரியும் எரிமலை, சாலையே இல்லாத கிராமங்கள்... கூடவே, தப்பி ஓடிய மனிதர்களின் கதையும் வருகிறது.

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில் இருக்கிறது ரீயூனியன். பக்கத்து வீடு மொரீஷியஸ். அங்கிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். பரப்பளவு 2,512 சதுர கி.மீ. சுமார் 9 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 1946 முதல் இது பிரான்ஸின் ஒரு மாவட்டம். பாரிஸிலிருந்து 9,000 கி.மீ.க்கும் அப்பால் இருந்தாலும், இங்கே செலவாவது யூரோதான். தலைநகர் செயிண்ட் டெனி. அங்கே பிறந்த விமானி ரோலண்ட் கரோஸின் பெயரைத்தான் தீவின் விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். பாரிஸ் டென்னிஸ் மைதானத்துக்கும் அதே மனிதரின் பெயர்தான்.

கடலுக்கு அடியிலிருந்து எழும்பிய எரிமலைகளே இந்தத் தீவு. இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து நெருப்புக் குழம்பு மேலெழும் ஒரே 'ஹாட்ஸ்பாட்', சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பரப்புக்குக் கீழே இருந்தது. அப்போது வழிந்து பரவிய குழம்புதான் இன்றைய தக்காணப் பீடபூமியின் கறுத்த பாறை. அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்தது அந்தப் பாறையில்தான். பிறகு இந்தியா வடக்கே நகர்ந்துபோனது. ஹாட்ஸ்பாட் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று தடம் பதித்துவிட்டு, இப்போது ரீயூனியனுக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கிறது.

தீவின் நடுவே நிற்கும் பழைய எரிமலையின் பெயர் பிட்டோன் தெ நேஜ். பல ஆயிரம் ஆண்டுகளாக உறக்கம். மழையும் ஆறுகளும் அதன் உடலைக் குடைந்து மூன்று பிரமாண்டக் கிண்ணங்களாக ஆக்கிவிட்டன. சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்பவை அவற்றின் பெயர்கள். சுற்றிலும் செங்குத்துச் சுவர்களாக மலைகள் நிற்கின்றன. இந்தக் கிண்ணங்களும் சிகரங்களும் 2010-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சலாசிக்கும் சிலாவோஸுக்கும் சாலை உண்டு. மஃபாத்துக்கு இன்றுவரை கிடையாது.

முதல் நாள்: பெயர்கள் பேசும் மலை

சலாசி பக்கமிருந்து கோல் தே பெஃப் என்ற கணவாய் வழியாக மஃபாத்துக்குள் இறங்குவதுதான் எளிய பாதை. உயரம் 1,956 மீட்டர். கணவாயில் நின்று பார்த்தால் கீழே மேகம் மட்டுமே தெரியும். சற்றுப் பொறுத்தால் மேகம் விலகி, மலை மடிப்புகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் தகரக்கூரைகள் தெரியும். இரவு தங்கவேண்டிய ஊர் அங்கேதான் இருக்கிறது.

இறக்கத்தில் பாசி படர்ந்த, கோணல்மாணலான மரங்களின் காடு வருகிறது. இந்த இடத்துக்குப் பெயர் 'தமரின்' சமவெளி. புளியமரத் தோப்பு என்று நினைத்துவிட வேண்டாம்! பெயர்தான் தமரின், மரம் இந்தத் தீவில் மட்டுமே வளரும் ஒரு வகை அகேசியா. தெக்-தெக் எனும் சின்னப் பறவை கிளைக்குக் கிளை தாவி நடப்பவர்களின் பின்னாலேயே வரும். தீவில் விஷப்பாம்பு கிடையாது. காலை எங்கே வைக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் இருந்தால் போதும்.

முதல் ஓய்வில், தண்ணீர் குடித்து முடித்ததும் கைடு மலைகளைக் காட்டிப் பெயர் சொல்லத் தொடங்குகிறார். மஃபாத், சிமாந்தெஃப், ஆன்ஷாங், திமித்தில்... பிரெஞ்சு மண்ணில் இருக்கும் மலைகளுக்கு ஏன் பிரெஞ்சுப் பெயர்கள் இல்லை?

17-ம் நூற்றாண்டு வரை இந்தத் தீவில் மனிதர்களே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் குடியேறி காபித் தோட்டங்கள் போட்டபோது, மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். 1723-ல் அடிமைகளுக்கென்று ஒரு சட்டமும் வந்தது. முதல் முறை தப்பி ஓடினால் காதை அறுத்துச் சூடு போடுவார்கள். இரண்டாம் முறை, முழங்காலுக்குப் பின்னால் உள்ள நரம்பை வெட்டுவார்கள். மூன்றாம் முறை மரணம். அப்படியும் ஓடினார்கள். தீவைச் சுற்றிக் கடல். ஓடுவதற்கு இருந்தது மலை மட்டும்தான்.

அப்படி ஓடியவர்களை 'மரோன்' என்று அழைத்தார்கள். வெள்ளைக்காரர்களின் குதிரையும் பல்லக்கும் ஏற முடியாத இந்தக் கிண்ணங்களுக்குள் குடிசை போட்டு, கிழங்கு நட்டு, தலைவர்களைத் தேர்ந்தெடுத்து வாழ்ந்தார்கள். அவர்களைப் பிடிக்கவென்றே வேட்டைக் குழுக்கள் கிளம்பின. கொன்றதற்கு அடையாளமாகக் கையை வெட்டி எடுத்துவந்து காட்டினால் சன்மானம் கிடைத்தது. அவர்களில் பேர்போன வேட்டைக்காரர் பிரான்சுவா முஸ்ஸார். 1751-ல் இந்தப் பள்ளத்தாக்கில் அவர் சுட்டுக் கொன்ற தலைவரின் பெயர்தான் மஃபாத் என்கிறார்கள். மலகாசி மொழியில் 'கொல்லக்கூடியவன்' என்று அர்த்தம். சுட்டவரைத் தீவில் சிலருக்குத்தான் தெரியும். செத்தவரின் பெயரோ பள்ளத்தாக்குக்கே பெயராகிவிட்டது.

மரோன்கள் எழுதிவைத்த கடிதமோ குறிப்போ எதுவும் இல்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் அவர்களைத் துரத்தியவர்கள்தான். மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இந்த மலைப் பெயர்கள்தான். கைடு இல்லாமல் நடந்தால் பாதை தெரியும், பலகையில் தூரம் தெரியும். இந்தப் பெயர்களின் அர்த்தம் மட்டும் தெரியாமலே போய்விடும்.

பணம் வாங்கிக்கொண்டு மலையில் ஆட்களை அழைத்துச் செல்ல, பிரெஞ்சு சட்டப்படி அரசு டிப்ளோமா வேண்டும். வானிலை, முதலுதவி, தாவரங்கள், உள்ளூர் வரலாறு என எல்லாமே கைடுகளின் பாடத்தில் உண்டு.

இரண்டாம் நாள்: ஹெலிகாப்டரில் வரும் கேஸ் சிலிண்டர்

இரவு தங்கிய ஊர் லா நூவெல். மஃபாத்தின் கிராமங்களில் பெரியது. பெரியது என்றால், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், பேக்கரி, சின்னக் கடைகள், தங்கும் விடுதிகள். மொத்த மஃபாத்திலுமே சுமார் 700 முதல் 800 பேர்தான் இருக்கிறார்கள். இங்கே கிராமத்துக்கு 'இலே' என்று பெயர். குட்டித் தீவு என்று பொருள். மலைக்கும் பள்ளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சமதரைத் துண்டு ஒவ்வொன்றும் ஓர் இலே.

காலையில் முதலில் எழுப்புவது சேவல்; இரண்டாவதாக எழுப்புவது ஹெலிகாப்டர். அரிசி மூட்டை, சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதன் அடியில் வலையில் தொங்கியபடி வருகின்றன. திரும்பிப் போகும்போது குப்பையை ஏற்றிச் செல்கிறது. மின்சாரம் சோலார் தகடுகளிலிருந்து வருகிறது. அதனால்தான் ஒரு குளிர்பானம் கீழே இருப்பதைவிட இங்கே விலை அதிகம். பேரம் பேசத் தோன்றும் பயணிகள், அந்த பாட்டில் வந்த வழியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளி ஊரிலேயே இருக்கிறது. அதற்கு மேல் படிக்க, 11 வயதுவாக்கில் கடற்கரை ஊர்களுக்குப் போயாக வேண்டும். விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்கிறார்கள். பலர் பிறகு திரும்புவதில்லை. திரும்புகிறவர்கள் விடுதி நடத்துகிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள், பாதைகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறார்கள். வீடு அவர்களுடையது, நிலம் அரசுடையது. வனத்துறை தரும் அனுமதியின் பேரில் குடியிருக்கிறார்கள்.

'ஒரு சாலை போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?' நடக்க வந்தவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. சாலை வந்தால் ஆஸ்பத்திரிக்குச் சுலபமாகப் போகலாம். பிள்ளைகள் தினமும் வீடு திரும்பலாம். கூடவே கார்களும் ஓட்டல்களும் நிலத்துக்கு விலை பேசுபவர்களும் வருவார்கள். வருஷம் முழுக்க இந்த ஊர்களைக் காப்பாற்றுவதே நடந்து வருகிற பயணிகளின் காசுதான். சாலை வந்துவிட்டால் நடக்க யார் வருவார்கள்? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் கிடைப்பதில்லை.

லா நூவெலிலிருந்து மார்லாவுக்கு நேராகப் போனால் இரண்டரை மணி நேரம். பாறைகளுக்கு நடுவே ஆறு பிளந்து விழும் த்ருவா ரோஷ் அருவி வழியாகச் சுற்றிப் போனால் ஒரு முழு நாள். பெரும்பாலான குழுக்கள் சுற்றித்தான் போகின்றன. மார்லா மஃபாத்தின் உயரமான கிராமம். 1,600 மீட்டருக்கு மேல். 'நிறைய மனிதர்கள்' என்ற பொருளுள்ள மலகாசிச் சொல்லிலிருந்து வந்த பெயராம். இன்று இங்கே இருப்பவை சில வீடுகளும் விடுதிகளும்தான்.

இரவு நீண்ட மேஜையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருகிறார்கள். சோறு, பருப்பு, கோழி 'கரி', பக்கத்தில் காரமாக 'ருகாய்', கீரைக்கூட்டு போல ஒன்று. கீரையின் பெயர் 'ஷூஷூ' இலை. ஒரு வாய் வைத்ததும் நம் ஊர் ஆட்களுக்குப் பிடிபட்டுவிடும்... சௌசௌ கொடியின் கொழுந்து! மற்றப் பெயர்களின் கதை ஏழாம் நாளில் வருகிறது.

மூன்றாம் நாள்: 'லிஃப்ட்' என்றொரு கஷாயம்

மார்லாவிலிருந்து காலையிலேயே ஏற்றம். 2,080 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தாய்பிட் கணவாய். இந்தப் பக்கம் மஃபாத், அந்தப் பக்கம் சிலாவோஸ். மேலே நின்று திரும்பிப் பார்த்தால், இரண்டு நாளாக நடந்த இடம் முழுக்க ஒரு கைக்குட்டை அளவுக்குள் அடங்கித் தெரிகிறது.

இறங்கும் வழியில் ஒரு குடிலில் மூலிகைக் கஷாயம் கிடைக்கும். சிலாவோஸிலிருந்து ஏறி வருபவர்களுக்குத் தருவதன் பெயரே 'லிஃப்ட்' கஷாயம்! குடித்ததும் கால் தானாக ஏறுமாம். இறங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். பலன் எப்படியோ, குளிருக்கு இதமாக இருக்கிறது.

பாதை முடியும் இடத்தில் தார்ச்சாலை. மூன்று நாள் கழித்துப் பார்க்கும் முதல் பஸ், விமானத்தைப் போலப் பிரமாண்டமாகத் தெரிகிறது. சிலாவோஸ் ஊருக்குக் கடற்கரையிலிருந்து வரும் சாலையில் 400-க்கும் மேற்பட்ட வளைவுகள் உண்டு. சாலை போடுவதற்கு முன், வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்த பணக்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிவந்தார்கள். சிலாவோஸின் சின்னப் பருப்புக்குத் தீவெங்கும் மவுசு. இந்த ஊரின் பெயரும் மலகாசிதான். 'விட்டுப் போக முடியாத இடம்' என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஓடிவந்து ஒளிந்தவர் ஒருவர் அப்படிப் பெயர் வைத்திருந்தால், அதில் நிம்மதியும் இருந்திருக்கும், வேறு போக்கிடமில்லாத வருத்தமும் இருந்திருக்கும்.

நான்காம், ஐந்தாம் நாள்: கடலுக்கு மேலே ஒரு விடியல்

பிட்டோன் தெ நேஜின் உயரம் 3,071 மீட்டர். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரம். பெயருக்குப் பனிச்சிகரம் என்று பொருள். பனி விழுவது மிக அபூர்வம். ஆனால் குளிர்கால இரவுகளில் பாறை மேல் உறைபனி படியும். வெப்பமண்டலத் தீவுதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

நான்காம் நாள் சிலாவோஸிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறி, 2,478 மீட்டரில் இருக்கும் மலைக்குடிலில் தங்கல். பங்க் கட்டில்கள், சூடான சாப்பாடு. எட்டு மணிக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கைடு எல்லோரையும் எழுப்புகிறார். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், பாறையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் குறிகளைப் பார்த்தபடி ஏற்றம். மேலே நிமிர்ந்தால் முன்னால் போகிறவர்களின் விளக்குகள் வரிசையாக நகர்வது, கார்த்திகை தீபத்தன்று மலையேறும் கூட்டத்தை நினைவூட்டும்.

உச்சியில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. மூன்று கிண்ணங்களும் காலடியில் இருக்கின்றன. மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே மேகத்தின் மேல் விழுகிறது. குழுவில் பாதிப் பேர் போன் எடுக்கிறார்கள்; விரல் விறைத்துப்போய் பட்டன் அழுத்த வரவில்லை. கிழக்கே, தூரத்தில், தட்டையாக ஒரு மலை தெரிகிறது. உச்சியில் சில நாள்களில் புகை இருக்கும். அதுதான் நாளைக்குப் போகவேண்டிய இடம்.

ஆறாம் நாள்: பூட்டுப் போட்ட எரிமலை

முட்டி வலியோடு இறங்கி, வேன் ஏறி, மறுநாள் விடியலில் சாந்து மணல் சமவெளிக்கு வந்தால், வேறு கிரகத்துக்கு வந்துவிட்டது போல இருக்கும். செம்பழுப்பு மணல், கரிய பாறை, புல்கூட அபூர்வம். இது முடியும் இடத்தில் ஒரு பிரமாண்டப் பள்ளத்தின் விளிம்பு. உள்ளே நிற்கிறது பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ், உலைக்கள மலை. உயரம் 2,632 மீட்டர். உலகில் அதிகம் சீறும் எரிமலைகளில் ஒன்று. 17-ம் நூற்றாண்டிலிருந்து 150-க்கும் மேற்பட்ட முறை வெடித்ததாகப் பதிவு இருக்கிறது. சில வருடங்களில் இரண்டு மூன்று முறைகூடச் சீறும்.

விளிம்பிலிருந்து பள்ளத்துக்கு இறங்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். படிக்கட்டின் தொடக்கத்தில் ஓர் இரும்புக் கதவு. எரிமலை ஆய்வு மையத்தின் கருவிகளில் சின்ன நடுக்கங்கள் கூடினாலோ, தரை உப்பினாலோ, அரசு நிர்வாகம் கதவைப் பூட்டிவிடும். ஆறு மாதம் முன்பே திட்டமிட்டு வந்திருந்தாலும், அன்று பூட்டியிருந்தால் பூட்டியதுதான். கைடும் அதை மீறமாட்டார்.

கதவு திறந்திருந்தால் போய்வர ஐந்து மணி நேர நடை. முதலில் வருவது ஃபார்மிகா லியோ எனும் செந்நிறக் குட்டிக் கூம்பு, 1753-ல் உருவானது. பிறகு தரை முழுக்க உறைந்த குழம்பு. சில இடத்தில் முறுக்கிய கயிறு போல வழவழப்பாக இருக்கிறது. சில இடத்தில் கருகிய முறுக்கு உடைந்து கிடப்பது போல முள்முள்ளாக. விழுந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வெள்ளைக் குறிகளை விட்டு விலகக் கூடாது என்று கைடு திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முடிவில் தொலோமியூ வாய். 2007 ஏப்ரலில் நடந்த பெரிய வெடிப்பின்போது, அடியில் இருந்த குழம்பு வெளியேறிவிட்டதால் இந்த வாயின் தரை சில நாள்களில் 300 மீட்டருக்கும் மேல் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. ஈஃபில் கோபுரத்தைக் கிட்டத்தட்ட முழுதாக உள்ளே வைக்கலாம். பார்க்கும் இடத்திலும் விளிம்பு உறுதியில்லை. எல்லைக்கோட்டைத் தாண்ட அனுமதி கிடையாது.

வெடிக்கும்போது தீவு மக்கள் பயந்து ஓடுவார்கள் என்றுதானே நினைப்போம்? இங்கே நேர்மாறு. "வொல்கான் லா பெத்தே!" என்று செய்தி பரவியதும், போர்வையும் சாப்பாட்டுக் கேரியருமாகக் குடும்பத்தோடு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஏனெனில் இந்த எரிமலை குழம்பை வழியவிடுகிற ரகம். பெரும்பாலும் ஆளில்லாத பள்ளத்துக்குள்ளேயே ஓடி, கிழக்கே கடலை நோக்கி இறங்கிவிடும். பெரும்பாலும்தான். எப்போதும் அப்படியில்லை என்பதற்குச் சாட்சி ஏழாம் நாளில் இருக்கிறது.

ஏழாம் நாள்: வாசலில் நின்ற நெருப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலை. இருபக்கமும் கறுப்பாக உறைந்த ஆறுகள், அவற்றின் மேல் எந்த வருடம் வழிந்தது என்று எழுதிய பலகைகள். இந்தச் சாலையை எரிமலை பலமுறை விழுங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குளிர்ந்தபின் மேலேயே புதுச்சாலை போட்டிருக்கிறார்கள். 2007-ல் குழம்பு கடலில் இறங்கித் தீவுக்குப் புது நிலமே சேர்த்தது. பழைய குழம்பின் மேல் முதலில் பாசி, பிறகு பெரணி, பிறகு மரம். ஓரமாகத் தாழை. அதன் ஓலையில் கூடை முடைகிறார்கள்.

1977 ஏப்ரலில், குழம்பு வழக்கமான பள்ளத்துக்கு வெளியே பீறிட்டு பிட்டோன் செயிண்ட் ரோஸ் கிராமத்துக்குள் வந்தது. மக்களை வெளியேற்றிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின. ஊர் தேவாலயத்தின் வாசலுக்கு வந்த குழம்பு, இரண்டாகப் பிரிந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இன்று அதன் பெயர் 'குழம்புகளின் மாதா' கோயில். பக்தர்கள் அற்புதம் என்கிறார்கள். அரசாங்கம் வேறொரு பாடம் படித்தது: அதற்கடுத்த சில வருடங்களுக்குள் எரிமலை ஆய்வு மையம் வந்துவிட்டது.

வடக்கே போகப்போகக் கரும்புக்காடு. செயிண்ட் ஆந்த்ரே ஊரில் திடீரென்று ஒரு கோபுரம் எழுகிறது. வண்ணச் சுதைச் சிற்பங்களுடன் நம் ஊர்க் கோயில்!

1848 டிசம்பர் 20-ம் தேதி இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். இன்றும் அந்த நாள் இங்கே பெருவிழா. விடுதலையானவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகினார்கள். அந்த இடத்தை நிரப்ப முதலாளிகள் தேடியது நம் கடற்கரையை. 1860-ல் பிரான்ஸும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் கப்பலேறினார்கள். கொடுமைகள் பற்றிய புகார்களால் 1882-ல் பிரிட்டிஷார் அதை நிறுத்தும்வரை இது நீடித்தது. ஐந்து வருட ஒப்பந்தம் என்று வந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.

தமிழர்களான அவர்களை இங்கே 'மலபார்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ராமசாமியும் வீராசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாகிவிட்டன. வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் தைப்பூசக் காவடியும் தீமிதியும் நிற்கவில்லை.

மார்லா விடுதியின் சாப்பாட்டு மேஜைக்கு இப்போது திரும்பிப் போகலாம். 'கரி' நம் கறிதான். 'ருகாய்' என்பது ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள். தாளிப்பில் போடும் 'கலுபிலே' கறிவேப்பிலை. மேலே தூவும் 'கொத்தொமிலி' கொத்தமல்லி. கீரைகளில் ஒன்று 'முருங்க்'. ஆட்டுக்கறிக்கு 'மசாலே'. தமிழ் மறந்துபோன வீடுகளில்கூட, அடுப்படிக்குள் போனால் இந்தச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. தமிழரல்லாத வீடுகளிலும்தான்.

மலைக்கு ஓடியவர்கள் சிகரங்களில் தங்கள் சொற்களை விட்டுப்போனார்கள். கரும்புக்காட்டில் உழைத்தவர்கள் சமையலறையில் விட்டுப்போனார்கள். தீவின் வரைபடத்தையே மாற்றி எழுதும் எரிமலையால் இரண்டையும் அழிக்க முடியவில்லை.

ஏழாம் நாள் மாலை, விமான நிலையத்தில் கைடு ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி விடைபெறுகிறார். முதல் நாள் பையிலிருந்து எடுத்துவைத்த ஹேர் டிரையரும் ஜீன்ஸும் அவரவர் கைக்குத் திரும்புகின்றன. ஒரு வாரமாக அவை இல்லாததை யாரும் கவனிக்கவேயில்லை.

கிளம்புவதற்கு முன் கவனிக்க...

எப்போது போகலாம்? மே முதல் நவம்பர் வரை உலர்ந்த பருவம்; நடக்க ஏற்றது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். அந்த மழையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1966 ஜனவரியில் எரிமலைச் சரிவில் உள்ள ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது, உலக சாதனை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மி.மீ. அளவுதான்!

யாரெல்லாம் போகலாம்? தினமும் ஐந்தாறு மணி நேரம் ஏறி இறங்கும் பழக்கம் வேண்டும். இரண்டு மாதம் முன்பே மாடிப்படி, மலைக்கோயில் படி என்று பழகுங்கள். முட்டி வலி, இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். சிறு பிள்ளைகளுடன் போகிறவர்கள் லா நூவெல் வரை ஓர் இரவுப் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

விசா: ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடாமல், நடப்பு விதியைப் பிரெஞ்சுத் தூதரகம் மூலம் உறுதிசெய்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

தங்குமிடம், சாப்பாடு: மலை விடுதிகளில் படுக்கைகள் குறைவு, பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சோறும் பருப்பும் கீரையும் கட்டாயம் கிடைக்கும். மஃபாத்தில் கையில் ரொக்கமாக யூரோ இருப்பது நல்லது.

பையில் என்ன? பழகிய ட்ரெக்கிங் ஷூ, மழைக்கோட்டு, ஸ்வெட்டர், நெற்றி டார்ச், குறைந்தது 2 லிட்டர் தண்ணீர், உங்கள் மருந்துகள். குப்பையை உங்கள் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். மஃபாத்தில் நீங்கள் விட்டுவரும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பாட்டிலும் ஹெலிகாப்டரில்தான் வெளியேற வேண்டும்.